வண்ணத் தோட்டம்: படத்தோடு பக்குவமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேண்டாமென்று ஒதுக்கிய பொருள்களைக் கொண்டு வீட்டுத் தோட்டத்தை வண்ணமும் வேடிக்கையும் நிறைந்த இடமாக மாற்றும் கலையைப் பற்றி நாளிதழ்களும் வார இதழ்களும் இப்போது அடிக்கடி எழுதி வருகின்றன. இருக்கை கிழிந்த நாற்காலியின் நடுவே பூத்து நிற்கும் செடி, மூக்குடைந்த தேநீர்க் கெண்டியிலிருந்து வழியும் கொடி, ஜோடி தொலைந்த பூட்ஸுக்குள் வளரும் கள்ளிச்செடி என்று அந்தப் பக்கங்களில் வரும் படங்கள் பார்ப்பவர் மனத்தை அள்ளிக்கொள்கின்றன. பணச் செலவின்றி எவர் வீட்டிலும் செய்து பார்க்கத்தக்க ஒரு கலைக்கு இவ்வளவு இடம் கிடைப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அத்தகைய படங்களின் கீழ், ‘பழைய டப்பாவுக்கு வண்ணம் பூசிச் செடி நடலாம்’ என்பதற்கு மேல் ஒரு வரியும் பெரும்பாலும் இருப்பதில்லை. எந்த டப்பா, எந்த வண்ணம், ஊற்றிய நீர் எங்கே வடியும், வெயிலையும் மழையையும் அந்தப் பொருள் எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் செய்பவரின் தோட்டத்தில், சில மாதங்களுக்குள் வண்ணம் உரிந்துவிடுகிறது, செடி அழுகிவிடுகிறது, மறுபயன் பெற்றதாக நாம் மகிழ்ந்த பொருள், மண்ணும் பெயிண்டும் துருவும் ஒட்டிய நிலையில், யாரும் மறுசுழற்சிக்கு எடுக்க முடியாத குப்பையாகத் தெருவுக்குப் போகிறது. ஆகவே படத்தோடு பக்குவத்தையும் சேர்த்து வெளியிடுங்கள் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தக் கலையில் காலத்தை வென்று நிற்கும் படைப்புகளைப் பார்த்தாலே பக்குவத்தின் அருமை விளங்கும். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய தொழிலாளியான சைமன் ரோடியா, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் தம் வீட்டு மனையிலேயே 1921 முதல் 1954 வரை தனியொருவராக உழைத்துக் கோபுரங்களை எழுப்பினார். உடைந்த பீங்கான், ஓட்டுத் துண்டுகள், கிளிஞ்சல்கள், பச்சை நிறச் செவன் அப் பாட்டில்கள், நீல நிற மருந்துப் புட்டிகள் ஆகியவையே அவருடைய வண்ணங்கள். அவற்றுள் மிக உயரமானது ஏறத்தாழ 30 மீட்டர். பாதுகாப்பற்றவை என்று கூறி நகர நிர்வாகம் அவற்றை இடிக்க முற்பட்டபோது, 1959 அக்டோபரில் கோபுரத்தைக் கம்பி வடத்தால் இழுத்துப் பார்க்கும் சோதனை நடந்தது. 10,000 பவுண்டு விசையையும் கோபுரம் தாங்கி நின்றது. வெளியே மின்னுவது கண்ணாடித் துண்டுகள்தாம் என்றாலும், உள்ளே எஃகுக் கம்பிகளும் அவற்றைச் சுற்றிய கம்பிவலையும் அதன்மேல் பூசிய சிமெண்ட் சாந்தும் இருந்தமையால்தான் அது சாத்தியமாயிற்று. சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணிபுரிந்த நேக் சந்த், புது நகரத்தை எழுப்புவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் கழிவுகளையும் உடைந்த வளையல்களையும் பீங்கான்களையும் சேகரித்து 1957-ல் யாருமறியாமல் தொடங்கிய பாறைத் தோட்டம், 1976-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டு இன்றும் பார்வையாளர்களை ஈர்த்துவருகிறது. பார்சிலோனாவின் கூயெல் பூங்காவில் கட்டடக் கலைஞர்களான கௌடியும் ஜுஜோலும் உடைந்த ஓடுகளைப் பதித்து அமைத்த வளைந்து நெளியும் இருக்கையின் நிறங்கள் நூறாண்டு கடந்தும் கண்ணைப் பறிக்கின்றன.

இவை மூன்றிலும் பொதுவாக அமைந்த ஒன்றை இல்லத் தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டும். இவற்றின் வண்ணம் மேலே பூசப்பட்டதன்று, பொருளோடே ஒன்றிவிட்டது. கண்ணாடியின் நீலம், அதை உருக்கும்போதே கலந்த கோபால்ட்டிலிருந்து வருகிறது. பச்சை, இரும்பிலிருந்தும் குரோமியத்திலிருந்தும் வருகிறது. பீங்கானின் மெருகு சூளையின் வெப்பத்தில் அதன்மேல் உருகிப் படிந்தது. இத்தகைய நிறத்தை வெயில் எளிதில் வெளுக்க வைப்பதில்லை. எனவே நீடித்த வண்ணம் வேண்டுமென்று விரும்புபவருக்கு என்னுடைய முதல் யோசனை, பெயிண்ட் டப்பாவைத் திறக்குமுன் வீட்டிலுள்ள உடைந்த தட்டுகளையும் கோப்பைகளையும் நிறப் பாட்டில்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே. பாட்டில்களைக் கழுத்துப் பக்கம் கீழாக மண்ணில் பாதிக்குமேல் புதைத்துப் பாத்தியைச் சுற்றி வரிசையாக நட்டால், காலை வெயில் ஊடுருவும்போது பாதை ஓரமெங்கும் நிறம் ததும்பும். ஆண்டுக்கொரு முறை துடைப்பதைத் தவிர அதற்கு வேறு பராமரிப்பு இல்லை.

உடைந்த பீங்கானைத் தொட்டியின்மேல் ஒட்டும் வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் படங்களைப் பார்த்துச் செய்பவர்கள் இதில்தான் அதிகம் ஏமாற்றமடைகின்றனர். தட்டை ஒரு கனத்த துணியில் சுற்றிய பிறகே சுத்தியலால் தட்ட வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் இன்றியமையாதவை. தொட்டியின் மேற்பரப்பைத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் கழுவி, வழவழப்பாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, வெளிப்புறப் பயன்பாட்டுக்குரிய டைல்ஸ் பசையையோ சிமெண்ட் சாந்தையோ கொண்டு ஒட்ட வேண்டும். தாள் ஒட்டும் பசையும் மரத்துக்குரிய வெள்ளைப் பசையும் மழை கண்டதும் விட்டுவிடும். துண்டுகளுக்கிடையே விரற்கடை அளவுக்கும் குறைவான இடைவெளி விட்டு, பசை நன்கு இறுகிய பின் அந்த இடைவெளிகளைச் சாந்தால் நிரப்பி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். கூர்முனைகள் சாந்தின் மட்டத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று கையுறையோடு தடவிப் பார்ப்பது அவசியம். சிறு குழந்தைகள் அந்தத் தொட்டியை ஆசையோடு தொடத்தான் போகிறார்கள். சிமெண்டைக் கொண்டு தொட்டியையே புதிதாக வார்த்தால், அதிலுள்ள சுண்ணாம்புத்தன்மை மண்ணின் காரத்தைக் கூட்டிச் செடியை வாட்டும் என்பதால், சில வாரங்கள் நீரில் ஊறவிட்டு, நீரை அவ்வப்போது மாற்றிய பிறகே நட வேண்டும்.

இனித் தகர டப்பா. துளையில்லாத பாத்திரத்தில் செடி வைப்பதைப்போல் ஒரு செடிக்குச் செய்யும் தீங்கு வேறில்லை. நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிட்டாது. காற்று கிட்டாத வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாமையால் செடி வாடும். வாடுவதைக் கண்டவர் இன்னும் நீரை ஊற்றுவார். துளை போடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. டப்பாவின் அடித்தகடு விளிம்பைவிடச் சற்றே மேலே உள்வாங்கி அமைந்திருப்பதால், சமதளத்தில் வைத்ததும் விளிம்பு முழுவதும் தரையோடு படிந்து, அடித்துளைகளிலிருந்து வெளியேறும் நீரை அங்கேயே தேக்கிவிடும். ஆகவே அடியில் நான்கைந்து துளைகளோடு, அடிவிளிம்பை ஒட்டிய பக்கச் சுவரிலும் இரண்டு மூன்று துளைகள் வேண்டும். அல்லது டப்பாவைச் சிறு கட்டைகளின்மேல் தூக்கி வைக்க வேண்டும். அடியில் கூழாங்கற்களைக் கொட்டினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும் அது சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே அது தங்கிவிடுகிறது. இதனால் ஈரம் நிற்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகே உயர்ந்துவிடுவதோடு, ஏற்கெனவே சிறிய பாத்திரத்தில் மண்ணுக்குரிய இடமும் குறைந்துபோகிறது. துளையின்மேல் ஒரு துண்டு கொசுவலையை விரித்து முழுவதையும் மண் கலவையால் நிரப்புவதே போதும்.

மெல்லிய தகரமும் அடர்நிறப் பிளாஸ்டிக்கும் வெயிலில் வேகமாகச் சூடேறும். மண்ணின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெரும்பாலான செடிகளின் வேர் வளர்ச்சி தடைபடும். ஆதலால் பிற்பகல் வெயில் படும் இடத்தில் வெளிர்நிறம் பூசிய டப்பாக்களையும், நிழலான மூலைகளில் கருநீலம், அடர்சிவப்பு போன்றவற்றையும் வைப்பது நல்லது. அழகுக்காகச் சொல்லப்படும் நிறத்தேர்வில் செடியின் உயிரும் அடங்கியிருக்கிறது என்பதை எந்தப் படக்குறிப்பிலும் நான் கண்டதில்லை.

வண்ணம் பூசத்தான் வேண்டுமென்றால் அதற்கும் முறை உண்டு. உலோகத்தின் துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, துடைத்து, துருத்தடுப்பு பிரைமர் ஒரு பூச்சு கொடுத்த பிறகே நிறம் பூச வேண்டும். பிளாஸ்டிக்கை முதலில் சோப்பு நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்குரிய பிரைமர் பூச வேண்டும். அதை விடுத்துப் பூசிய வண்ணம் தோல் உரிவதுபோல் உரியும். சுடுமண் தொட்டி தன் சுவர் வழியே ஈரத்தை வெளியேற்றும் இயல்புடையது. அதன் வெளிப்புறம் முழுவதையும் பெயிண்டால் மூடினால் மண் காய நாளாகும் என்பதால், நீர் விடும் இடைவெளியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தத் தொட்டியாயினும் மண் படும் உட்புறத்தில் பெயிண்ட் பூச வேண்டிய தேவையில்லை.

எல்லாப் பழைய பொருளையும் தோட்டத்துக்குள் அனுமதிக்கலாகாது என்பதை வலியுறுத்தியே சொல்ல வேண்டும். பழங்காலத்துக் கதவு, சன்னல், கட்டில் ஆகியவற்றில் பூசிய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயப் பெயிண்ட் பயன்படுத்துவது 1978-ல்தான் தடைசெய்யப்பட்டது. பல நாடுகளில் அதற்கும் பிந்தியே கட்டுப்பாடு வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அத்தகைய பெயிண்டைச் சுரண்டுவதோ உலர்ந்த நிலையில் தேய்ப்பதோ கூடாது; ஐயமிருந்தால் அந்தப் பொருளை விட்டுவிடுவதே நலம். சரக்கு அடுக்கும் மரப் பலகைகளில் கோதுமைக் கதிர் முத்திரையோடு ‘எச்டி’ (HT) என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தால் அது வெப்பத்தால் பதப்படுத்தப்பட்ட மரம். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் பதப்படுத்தப்பட்டது, அதைத் தவிர்க்க வேண்டும். மரம் உளுக்காமலிருக்கப் பூசும் கிரியோசோட் என்னும் நச்சு எண்ணெய் ஊறிய பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளும் வேண்டாம்.

டயரைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அன்னப்பறவையாக வெட்டி வெள்ளை பூசிய டயர், கிளியாக வளைத்த டயர் ஆகியவையே இந்தக் கலையின் அடையாளமாக எங்கும் காட்டப்படுகின்றன. டயரில் துத்தநாக ஆக்சைடு உள்ளது. ரப்பர் சிதையச் சிதைய அது மண்ணில் சேர்கிறது. டயரின் ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கப்படும் 6பிபிடி (6PPD) என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உண்டாக்கும் சேர்மம், ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்பதை 2020 இறுதியில் வெளியான ஆய்வு கண்டறிந்தது. இவற்றுக்கும் மேலாக, டயரின் உட்குழிவில் எப்படி வைத்தாலும் நீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட உகந்த இடமில்லை. முட்டை வளர்ந்து கொசுவாவதற்கு வெப்பமான நாள்களில் ஏழு முதல் பத்து நாளே போதும். உலர்ந்த சுவரில் ஒட்டிய முட்டை பல மாதங்கள் கழித்து நீர் பட்டாலும் பொரிக்கும். டயரில் ஏற்கெனவே செடி வைத்திருப்பவர்கள் அடியில் பெரிய துளைகள் இட்டு, உட்குழிவு முழுவதையும் மண்ணால் அடைத்து, அதில் பூச்செடிகளை மட்டும் வளர்க்கலாம். உண்ணும் கீரையையோ காயையோ வளர்க்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்கள் டயரை நாடவே வேண்டாம் என்பது என் கருத்து.

பிளாஸ்டிக் பாட்டில்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று குறித்த தண்ணீர் பாட்டில்கள் வெயிலின் புற ஊதாக் கதிரால் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகின்றன. நொறுங்கியவை நுண்துகள்களாக மண்ணில் கலக்கின்றன. தடித்த சுவருள்ள கெட்டியான வாளி, டப்பா முதலியவை ஒப்புநோக்க நெடுநாள் உழைக்கும். மெல்லிய பாட்டிலை வெட்டிப் பூவாக்கித் தொங்கவிடுவதைவிட, அதை மறுசுழற்சிக்குக் கொடுப்பதே பொருளுக்குச் செய்யும் மரியாதை. பறவைகளை விரட்டத் தொங்கவிடும் பழைய குறுந்தட்டுகளின் உலோகப் படலமும் வெயிலில் பொருக்குப் பொருக்காக உதிரும். தெர்மகோலைச் சூடான கம்பியால் வெட்டிச் சிற்பம் செய்யும் ஆர்வமுள்ளவர்கள், இத்தாலியின் டஸ்கனியில் டாரட் தோட்டம் என்னும் சிற்பத் தோட்டத்தை உருவாக்கிய நிக்கி த சென்ட் ஃபால் அம்மையாரின் நுரையீரல், அவர் சிற்பங்களுக்குப் பயன்படுத்திய பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக் பொருள்களின் புகையால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கைகளைக் கண்டு யாரும் தயங்கிவிடக் கூடாது. தவிர்க்க வேண்டியவை சில. எடுத்தாளத் தக்கவையோ ஏராளம். மிதிவண்டியின் சக்கரம் ஒன்றைக் கம்பத்தில் குறுக்காகப் பொருத்தினால், அதன் ஆரக்கம்பிகளில் கட்டிய நூல்களைப் பற்றிக்கொண்டு கொடி குடைபோல் இறங்கும். சாவித் துவாரம் உள்ள பழைய பெட்டியின் மூடியை மரத்தடியில் சாய்த்துச் சிறு கைப்பிடி வைத்தால், அங்கே யாரோ குடியிருப்பதாகக் குழந்தைகள் நம்பிவிடுவார்கள். அதற்குள் யார் இருக்கிறார்கள் என்ற கதையை அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். இந்த விளையாட்டுத்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பத்தடிக்குள் பத்து வேடிக்கைகளை அடைத்தால் எதுவும் கண்ணில் நிற்காது. ஒரு திருப்பத்தில் ஒன்று, அதுவும் இலைகளுக்கிடையே பாதி மறைந்து, எதிர்பாராமல் தென்படும்படி வைத்தால்தான் பார்ப்பவர் நின்று சிரிப்பார்.

ஒலிக்கும் பொருள்களிலும் பக்குவம் உண்டென்பதற்குக் காற்றுமணி நல்ல சான்று. பழைய உலோகக் குழாயைத் துண்டு போட்டு, ஓரத்தில் துளையிட்டுத் தொங்கவிட்டால் அது ‘டக்’கென்று மட்டும் ஒலித்து அடங்கிவிடும். குழாய் அதிரும்போது அதன் நீளத்தில் அசையாத இரண்டு இடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் முனையிலிருந்து மொத்த நீளத்தில் 22.4 விழுக்காடு தள்ளி அமையும். 60 சென்டிமீட்டர் குழாயில் அது முனையிலிருந்து 13.4 சென்டிமீட்டர். அங்கே துளையிட்டு நூல் கோத்துத் தொங்கவிட்டு, நடுப்பகுதியில் மோதும்படி மரவட்டு ஒன்றைக் கட்டினால் ஒலி நெடுநேரம் கார்வையோடு நீளும். அதே குழாயில் 42.4 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டினால் அதன் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி உயர்ந்திருக்கும். இவ்வளவு சிறிய செய்தி ஒன்று அச்சில் வந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் ஊமையாகத் தொங்கும் குழாய்கள் இன்று பாடிக்கொண்டிருக்கும்.

நிறங்களைச் சேர்ப்பது பற்றியும் சிறிது கூற வேண்டும். தோட்டத்தில் பச்சை ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பச்சைத் தொட்டி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். செம்மஞ்சள் பூவை நீலத் தொட்டியிலும், ஊதாப் பூவை மஞ்சள் தொட்டியிலும் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். அந்தி மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுத்துவிடும். நீலமும் வெள்ளையும் கடைசிவரை தெரியும். இதை 1819-ஆம் ஆண்டு வாக்கிலேயே செக் அறிஞர் புர்க்கின்யே கவனித்தார். மாலையில் மட்டுமே தோட்டத்தில் அமர நேரம் வாய்ப்பவர்கள் இருக்கைக்கு அருகில் வெள்ளை, வெளிர்நீலப் பொருள்களை வைத்துக்கொள்வது நல்லது. தேனீக்களுக்கு நிறம் தெரியும் என்பதை 1914-ல் சோதனைகளால் நிறுவிய கார்ல் வான் ஃபிரிஷ், சிவப்பு அவற்றுக்கு அடர்சாம்பலாகவே தோன்றுகிறது என்றும் காட்டினார். தேனீக்கள் வர வேண்டுமென்று ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களை இட்டு நீர் வைப்பவர்கள், அதன் விளிம்பில் நீல, மஞ்சள் ஓட்டுத் துண்டுகளைப் பதிக்கலாம்; அந்த நீரை நாள்தோறும் மாற்றுவதும் அவர்கள் பொறுப்பு. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தோட்டத்தில் மாட்டுபவர்கள் அதைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, முன்னால் கொடியைப் படரவிட வேண்டும். இல்லையேல் வானத்தின் பிம்பத்தை வழியென்று எண்ணிப் பறவைகள் மோதிவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி இத்தகைய தோட்டத்தின் படத்தை வெளியிடும்போது, பயன்படுத்திய பொருள், அதைத் தூய்மைசெய்த முறை, துளை அமைந்த இடம், பூசிய வண்ணத்தின் வகை, எந்த ஒட்டுப்பசை, எவ்வளவு வெயில் படுகிறது ஆகியவற்றை அருகிலேயே ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். செய்தவரையே எழுதச் சொன்னால் மகிழ்ச்சியோடு எழுதுவார். இயன்றால் அதே தோட்டத்தை ஓராண்டு கழித்து மீண்டும் ஒருமுறை படமெடுத்து, முதற்படத்தோடு சேர்த்து வெளியிடுங்கள். எது நிலைத்தது, எது வெளுத்தது, எந்தச் செடி தன் பாத்திரத்தைவிட்டு வளர்ந்தது என்பதை வாசகர்கள் தம் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்